பிரேக்காரர் வீட்டுத் தூக்கி

அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற அவளிடம் ஒரு முறை இருந்தது. கால்களை ஒவ்வொன்றாகத் தரைக்கு இறக்குவாள். அவருடைய கைகளை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். தன் முழங்காலை அவருடைய முழங்கால்களுக்கு முட்டுக்கொடுத்து, பின்பக்கமாக இடுப்புவாரைப் பற்றி, மூச்சைப் பிடித்து ஒரே எழுப்பாக எழுப்பித் திருப்பி உட்காரவைப்பாள். அந்த ஒரு கணத்தில் இருவர் முகமும் ஒட்டியிருக்கும். இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பஸ் பணிமனையில் பிரேக் வேலை பார்த்தவர் அவர். தெருவில் எல்லோருக்கும் பிரேக்காரர்தான். பழுது பார்க்கும் பள்ளத்துக்குள் ஒருநாள் மல்லாந்து விழுந்ததில் முதுகுத்தண்டு நசுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் அடங்கிப்போயின. கால்கள் வற்றின. மேல் உடம்பு வற்றவில்லை. நல்ல ஆகிருதி. அவர் மனைவியோ தையல்காரி, ஒடிசலான உடம்பு. ஆட்டுக்குட்டி யானையைத் தூக்குகிற கதை என்று இரும்பு கடைகிற எதிர்வீட்டு லேத்காரர் ஒருமுறை சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிரேக்காரர்தான் முதலில் சிரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, எழுப்பிய கணத்தில் அவள் இடுப்பில் ஏதோ ஒன்று நழுவியது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இருவரும் அப்படியே சரிந்தார்கள். அவர் பாதி அவள்மேல் கிடந்தார். நகர அவராலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. பக்கத்துத் தகரக் கொட்டகையின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. அடுப்பில் வைத்த தேநீர்த் தண்ணீர் சுண்டி, பாத்திரம் கருகும் வாசனை வந்தது.

"பாத்திரம் போச்சு" என்றார் அவர்.

"போகட்டும்" என்றாள்.

மழை தணிந்து, கருகல் வாசனை தெருவரை போய், லேத்காரர் வந்து கதவைத் தள்ளும்வரை அப்படியே கிடந்தார்கள். அவருடைய மூச்சு அவள் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. அழுகிறாரோ என்று அவள் நினைத்தாள். திரும்பிப் பார்க்க முடியாமல் போனதும் நல்லதுதான் என்றும் நினைத்தாள்.

இடுப்பைப் பார்த்த மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு தடவை அவரைத் தூக்கினால் பக்கத்திலேயே இன்னொரு கட்டில் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு அவருடைய அக்கா வந்தாள். வந்த அன்றே தரையைத் துடைத்தாள், தம்பிக்குத் தலை வாரிவிட்டாள், துணிகளை அலசிப் போட்டாள். பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் தூண் மாதிரி இருப்பவர்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் மாமாவைப் பூப்போலத் தூக்கி வைப்பார்கள். தம்பி இனி அங்கே இருக்கட்டும். கூடத்தில் ஒரு மூலையை ஒழித்துத் தருகிறேன். நீயும் வாம்மா, உன்னை வேண்டாம் என்று யார் சொன்னது. மழைக்காலம் முடிந்ததும் வேன் கொண்டு வருகிறேன்.

குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் போய்விட்டால் இந்த வீட்டில் மிஞ்சுவது தையல் இயந்திரமும் அவளும்தான். கூடப் போனால், யாரோ தூக்கி யாரோ உட்காரவைக்கிற ஒருவருக்குப் பக்கத்தில் அவள் சும்மா நிற்க வேண்டியிருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அக்கா ஊருக்குக் கிளம்பினாள். மழை விடும்வரை லேத்காரரும் அவர் மனைவியும் காலையும் மாலையும் வந்து தூக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

நூல்கண்டு வாங்கப் போனபோதுதான் அவள் அந்த லாரியைப் பார்த்தாள். தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லி கொட்ட வந்த டிப்பர். ஓட்டுநர் இறங்கக்கூட இல்லை. ஒரு கையால் தேநீர் குடித்துக்கொண்டே மறுகையால் எதையோ இழுத்தார். லாரியின் முதுகு, அத்தனை கல்லோடும், மெல்ல எழுந்தது. முக்கலில்லை, முனகலில்லை. அடியில் பளபளவென்று ஒரு தண்டு நீண்டுகொண்டே வந்தது. ஈரமான கை ஒன்று உள்ளிருந்து நீள்வதுபோல இருந்தது. கல்லெல்லாம் சரிந்து தூசி அடங்கி, அந்தத் தண்டு மறுபடியும் உள்ளே போய் மறைகிறவரை அவள் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"எண்ணெய்" என்றார்.

எண்ணெய் எப்படிக் கல்லைத் தூக்கும் என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் வேலையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

"ஒரு சின்னக் குழாய், ஒரு பெரிய குழாய். ரெண்டுக்கும் நடுவுல எண்ணெய். சின்னதுல நீ நிறையத் தூரம் அமுக்குற. பெரியதுல அது கொஞ்சத் தூரம் ஏறுது. ஆனா மலையத் தூக்கிக்கிட்டு ஏறும். பலத்த யாரும் சும்மா தர்றதில்ல. தூரத்தக் குடுத்துத்தான் வாங்கணும்."

அவள் யோசித்தாள். "எங்கிட்ட தூரம் இருக்கு. சின்னப் பொண்ணா இருந்த காலத்துலேர்ந்து மிஷின் மிதிக்கிறேன். மிதிச்ச தூரத்த நீட்டி வச்சா எங்கயோ போயிருக்கும்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகம் இறுகியது. "என்ஜினத் தூக்குற மாதிரி என்னத் தூக்கலாம்னு பாக்குறியா?"

சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அன்றும் மறுநாளும் அவளோடு பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"தூண் நாலு அங்குல அகலமாவது இருக்கணும்."

வீட்டை ஒட்டி இருந்த தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. பணிமனையில் முடியாத வேலைகளை அங்கே வைத்துப் பார்ப்பார். அவள் அதுவரை உள்ளே போய்ப் பெருக்கியதோடு சரி. இப்போது கட்டிலைக் கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் வேலைமேசையின் பாதி தெரியும். மீதியைக் காதால் பார்த்தார். துளைபோடும் இயந்திரம் முனகுகிற தொனி மாறினால், "சாய்க்காத, நேராப் பிடி" என்று குரல் வரும். ரம்பம் நின்றால், ஏன் நிறுத்திவிட்டாய் என்பார். கை வலிக்குது என்பாள். வலிக்கத்தான் செய்யும் என்பார்.

உடைந்த சின்ன டிப்பர் ஒன்றின் தூக்குக் குழாயைப் பழைய இரும்புக் கடையில் லேத்காரர் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். ரப்பர்கள் புதிதாகவே இருந்தன. கைப்பம்புக்கு வேண்டிய பித்தளைக் குழாயையும் தண்டையும் அவரே கடைந்து தந்தார், பற்றவைப்பும் அவர்தான். மற்றதெல்லாம் அவள். அறுத்தாள், அராவினாள், மரை போட்டாள். தையல்காரியின் விரல்கள் என்பதால் இரும்பின் விளிம்பையும் துணியின் விளிம்பைத் தடவுவதுபோலத்தான் தடவிப் பார்த்தாள். பிசிறு இருந்தால் உடனே தெரிந்துவிடும். பம்பின் தண்டு குழாய்க்குள் இறங்குகிற அழகைப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை. குழாயின் அடிவாயை விரலால் அடைத்தால், மயிரிழை இடைவெளிகூட இல்லாததால் தண்டு அப்படியே நிற்கும். விட்டால் ஒரு பெருமூச்சோடு தானாகக் கீழே போகும். வேலை முடிந்த பிறகும் அதைச் செய்து செய்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆளைத் தாங்குகிற தூளியை அவள் யாரையும் கேட்காமல் தைத்தாள். பழைய பஸ்களின் இருக்கைவார்களும் தார்ப்பாயும். தோலில் அழுந்தும் இடத்தில் மட்டும் உள்ளே பஞ்சு. அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிரேக்காரர் ஒரு தையலையும் குறை சொல்லவில்லை.

தகராறு எண்ணெயில்தான் வந்தது. டிப்பர்காரர்கள் ஊற்றுகிற எண்ணெயை வாங்கி வரட்டுமா என்று லேத்காரர் கேட்டார். பிரேக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அந்தச் சேத்துத் தண்ணியா? அத்தன ஜனத்தோட மலையிறக்கத்துல பஸ்ஸ நிறுத்துறது பிரேக் எண்ணெய். என் ஒருத்தனத் தூக்காதா?"

லேத்காரர் பஸ் வேறு இது வேறு என்று இழுத்தார். உன் லேத்தைப் பற்றி நான் ஏதாவது பேசுகிறேனா என்று பிரேக்காரர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். கொட்டகை அலமாரியில் சீல் உடைக்காத பிரேக் எண்ணெய் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அதையே ஊற்றினார்கள்.

முடிந்தபோது அது பார்க்க அப்படியொன்றும் பெரிதாக இல்லை. கட்டிலுக்கடியில் நுழைகிற இரண்டு இரும்புக் கால்கள், சிறு சக்கரங்கள், ஒரு தூண், தூணின் தலையில் ஒரு கை, கையைக் கீழிருந்து தாங்குகிற குழாய். ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தை அவள் அதற்கு அடித்திருந்தாள். வீட்டில் அதற்குத் தூக்கி என்றே பெயராகிவிட்டது.

முதலில் யாரைத் தூக்குவது என்ற கேள்வி வந்ததும் அவள் தானே தூளியில் ஏறி உட்கார்ந்தாள். பம்பின் நெம்புகோலை அவர் கைக்கு எட்டும்படி கட்டிலோரம் திருப்பிவைத்தாள்.

"அடிங்க."

அவர் நெம்புகோலை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே இருந்த காற்று குமிழ்விட்டு வெளியேறியது. அடுத்த அழுத்தலில் வார்கள் இறுகின. அதற்கடுத்ததில் அவள் பாதங்கள் தரையை விட்டன.

அவர் நிறுத்திவிட்டார். தன் கையைப் பார்த்தார். இத்தனை நாளாக ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கினாலும் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்கிற கை அது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு அழுத்தலையும் நெஞ்சுக்குள் எண்ணுகிறவர்போல, அடித்துக்கொண்டே போனார். அவள் உயர்ந்தாள். கட்டிலின் உயரம், ஜன்னல் கட்டையின் உயரம், பிறகு அதற்கும் மேலே. ஒரு சத்தமும் இல்லை. பம்பு மட்டும் தூங்குகிற குழந்தை மூச்சு விடுவதுபோல விட்டுக்கொண்டிருந்தது. மேலேயிருந்து அவரைப் பார்த்தாள். கீழேயிருந்து அவர் அவளைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அவர் ஒருமுறை அவளை விளையாட்டாகத் தூக்கியதுண்டு.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல. உங்களுக்கு?"

"இருக்கு" என்றார்.

அவர் மட்டும் தூளியில் ஏறவில்லை. நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். ஆனால் ஓயாமல் பேசினார். பம்புக்குள் இருக்கும் சிறு இரும்பு உருண்டைகள் எப்படி எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பி வரவிடாமல் அடைக்கின்றன, நெம்புகோலை இன்னும் ஒரு சாண் நீட்டினால் என்ன ஆகும், லேத்காரர் மனைவிக்குத் துணி பிழிய ஒன்று செய்து தரலாமா. அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். பள்ளத்தில் விழுந்து போயிருந்த குரல் திரும்பி வந்துவிட்டதுபோல இருந்தது.

மழைக்காலம் முடிந்தது. அக்கா வந்தாள். வேன் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு, அறையில் நின்ற நீல இரும்பை ஏற இறங்கப் பார்த்தாள். யாரையாவது தூக்கிக் காட்டுங்கள் என்றாள். லேத்காரர் தானே முன்வந்தார். தூளியில் ஏறி உட்கார, அவள் அடிக்க, அவர் உயர்ந்தார். அந்தரத்தில் காலை ஆட்டிக்கொண்டே அக்காவுக்கு விளக்கம் சொன்னார்: இது சாதாரணச் சாமான் இல்லையக்கா, ஒரு பஸ்ஸையே தொங்கவிடலாம், வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும், அசையாது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு மெதுவாக இறங்கியதால் அவருக்குத் தெரியவில்லை. மற்ற மூவருக்கும் தெரிந்தது. "அசையாது" என்று அவர் இரண்டாம் முறை சொன்னபோது அவருடைய செருப்பு தரையில் பட்டது. குனிந்து பார்த்தார். பேச்சு நின்றது.

அக்கா சிரிக்கவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இறங்குதேம்மா" என்றாள். அவள் குரலில் இருந்த கனிவுதான் தாங்க முடியாததாக இருந்தது. உள்ளே போய்த் தம்பியின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

தையல்காரி தூக்கியைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் குழாயைக் கழற்றினாள். எண்ணெய் சொட்டிய இடங்களில் நீலச் சாயம் கொப்பளித்துத் தோலாக உரிந்திருந்தது. தண்டை உருவினாள். அதன் தலையைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஊதி, விளிம்பு மென்று துப்பியதுபோல இருந்தது. விரலில் வைத்து இழுத்துப் பார்த்தாள். இழுத்தது திரும்பவில்லை. வெயிலில் கிடந்து செத்த எலாஸ்டிக் இப்படித்தான் இருக்கும். எத்தனையோ பாவாடைகளிலிருந்து அவள் அதை உருவி எறிந்திருக்கிறாள்.

கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"பிரேக்குக்குன்னு செய்யுற ரப்பர் வேற. இது வேற. பிரேக் எண்ணெய் இதத் தின்னுடும்" என்றார் கடைசியில். பிறகு, "நான்தான்."

அவள் விரலில் ஒட்டியிருந்த நீலச் சாயத் தோலை உரித்தாள்.

"பெயின்டு உரியுறத நீ எப்பப் பாத்த?"

"நீங்க என்னத் தூக்குனதுக்கு மறுநாள்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க. சொன்னா பேச்சு நின்னுடுமோன்னு."

அவர் ரப்பரை மூடிய கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஜன்னலில் வெயில் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நகர்ந்தது. கண்ணைத் திறந்தபோது குரல் வேலைக்காரக் குரலாகியிருந்தது. லேத்காரரை டிப்பர் பட்டறைக்கு அனுப்பு. அவர்கள் போடுகிற ரப்பர், அவர்கள் ஊற்றுகிற எண்ணெய், ரப்பர்க் குழலும் புதிது. லேத்காரர் அன்று சொன்ன எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்னதாக அவரிடமே சொல். குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவு. ஒரு சொட்டு ஈரம் தங்கக் கூடாது.

தைத்து மிஞ்சிய வெட்டுத் துணிகளைச் சுருட்டிச் சுருட்டி அவள் குழாயைத் துடைத்தாள். கடைசித் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. வெளிச்சம் போவதற்குள் பூட்டி முடித்தாள். சோதித்துப் பார்க்கட்டுமா என்று லேத்காரர் கேட்டார். அவர் முகத்தில் அன்று இரண்டாவது தடவை ஏறி உட்காருகிற தெம்பு இல்லை.

"வேண்டாம். காலையில நான் ஏறிக்கிறேன்" என்றார் பிரேக்காரர்.

காலையில் வேன் வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, ஆளை ஏத்தலாமா என்றார். அக்கா பெட்டியோடு எழுந்தாள். ஒரு நிமிஷம் அக்கா என்றார் பிரேக்காரர்.

அவள் அவரைப் பக்கவாட்டில் புரட்டித் தூளியை அடியில் விரித்தாள். கால்களுக்கு நடுவே வார்களை எடுத்துக் கோத்தாள். ஒவ்வொரு கொக்கியையும் மாட்டிவிட்டு இழுத்துப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. அவளுடைய கை நெம்புகோலில் இருந்தது. அவர் தலையசைத்தார்.

முதலில் அவருடைய தோள்கள் எழுந்தன. பிறகு முதுகு. மெத்தையில் அவர் உடம்பு பதித்து வைத்திருந்த பள்ளம் மெதுவாகத் தெரிந்தது. அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு, மிஷின் மிதிக்கிற அதே நிதானத்தோடு அடித்தாள். அவ்வளவு பெரிய உடம்பு, இரண்டு பேர் முக்கித் தூக்கிய உடம்பு, காற்றில் ஏறியது. வற்றிய கால்கள் பின்னாலேயே வந்தன. வேன்காரர் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். எதற்குக் கழற்றினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நிற்கிற ஆளின் உயரத்துக்கு வந்ததும் அவள் நிறுத்தி, தூக்கியைக் கட்டிலை விட்டுச் சுவரோரம் உருட்டினாள். லேத்காரர் கரித்துண்டை எடுத்து, அவர் குதிகாலுக்கு நேரே சுவரில் ஒரு கோடு போட்டார். எல்லோரும் அந்தக் கோட்டையும் குதிகாலையும் பார்த்தபடி நின்றார்கள். தெருவில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போய், குரல் தேய்ந்து மறைந்தது. குதிகால் கோட்டிலேயே இருந்தது.

பிரேக்காரர் கோட்டைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்ததிலிருந்து அவர் இந்த உயரத்திலிருந்து எதையும் பார்த்ததில்லை. அலமாரியின் மேல்தட்டு, கதவின் மேல்விளிம்பு, அவளுடைய தலைவகிடு. வகிட்டின் இரு பக்கமும் நரைத்திருந்தது. அது எப்போது நடந்தது என்று கேட்கிறவர்போலப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். பம்பின் அருகே வந்து, நான் ஒரு தடவை அடிக்கட்டுமா என்று கேட்டாள். அவள் விலகிக்கொண்டாள். அக்கா நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை இறுக்கிக்கொண்டு அழுத்தினாள். தேவைப்படவில்லை. ஒரு கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். தம்பி ஒரு விரற்கடை உயர்ந்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணி."

அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "சின்னதுல இடுப்புல வச்சிருந்தப்பகூட இதவிடக் கனமா இருந்தான்" என்றாள்.

வேன்காரர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். அக்கா திரும்பாமலே பதில் சொன்னாள். "நீங்க போயிட்டு வாங்க தம்பி. ஏத்த வேண்டிய ஆள் ஏற்கெனவே ஏறிட்டான்."

இறக்குவதற்கு எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அக்கா கேட்டாள். இடது பக்கம், கொஞ்சமாக என்று சொல்லிவிட்டு, தையல்காரி சக்கர நாற்காலியை அவருக்கு நேர் கீழே கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். அக்கா திருகியது கொஞ்சத்திலும் கொஞ்சம். அவர் இறங்குகிறாரா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. கரிக்கோட்டைக் குதிகால் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார். கால்கள் மடங்கின, தொடைகள் இருக்கையில் படிந்தன, வார்கள் தளர்ந்து தொய்ந்தன.

அவர் இன்னும் கைகளால் வார்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். காத்திருந்துவிட்டு, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"உக்காந்துட்டேனா?"

"உக்காந்துட்டீங்க" என்றாள்.